எங்க வூட்டுக்காரர்

விசாலாட்சி வில்லியனூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பேச்சுக்கலை சொல்லிக்கொடுத்தாள். விடுமுறை நாட்களில் பட்டிமன்றங்களில் பேசினாள். வகுப்பில் அவள் உதாரணம் எடுப்பது சினிமாவிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும்தான். கதாநாயகன் முகத்தைக் காட்டுவதற்கு முன்னால் திரையில் அவன் கால் மட்டும் தெரியும். அதற்கே கொட்டகை விசிலடிக்கும்.

"நாம பாதி சொன்னா போதும். மீதிய கேக்கறவங்க தானா நிரப்பிக்குவாங்க. தானா நிரப்பினத யாரும் சந்தேகப்பட மாட்டாங்க" என்பாள்.

மேடையில் அவள் சொல்லும் பாதி, அவளுடைய கணவர். "எங்க வூட்டுக்காரரு இருக்காரே..." என்று இழுத்து நிறுத்தினாலே கூட்டம் சிரிக்கத் தொடங்கிவிடும். அளவெடுக்காமல் பீரோ வாங்கிவந்தார், அது வாசற்படியில் நுழையவில்லை, ஒரு மாதம் போர்ட்டிகோவில் நின்றது, மனிதர் அதிலிருந்து வேட்டி எடுக்க ரோட்டுப் பக்கம் போனார் என்று அவள் சொல்லச் சொல்லப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்த மனிதர் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு சிரிப்பார். பைக்கில் திரும்பும்போது, "இன்னிக்கி பாவம், என்னைக் கொஞ்சமாத்தான் அடிச்ச" என்பார்.

போன ஆனி மாதம் ஒரு காலை, தோட்டத்துக் குழாயை மூடப் போனவர் அங்கேயே சாய்ந்துவிட்டார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. பதினாறாம் நாள் முடிந்ததும் உறவுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். கரிக்கலாம்பாக்கத்தில் அவர்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் இன்னும் கட்டாத மனைகள். சாயங்காலமானால் கேட்டில் நின்று பேசக்கூட ஆளில்லை.

நிகழ்ச்சிகளுக்கு ஆள் ஏற்பாடு செய்யும் புகழ்வேந்தன் சில மாதம் பொறுத்துவிட்டு மறுபடி அழைத்தான். "பழைய பேச்சே போதும் மேடம். வெளியூருல யாருக்கும் எதுவும் தெரியாது" என்றான். அவள் போனாள். மேடையில் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம் அவர் 'இருக்கிறார்', 'சொல்கிறார்', 'தொலைக்கிறார்'. அதற்காகவே அடுத்த ஊருக்கும் போனாள்.

காணும் பொங்கலன்று மத்தியானம் பாகூரில் பட்டிமன்றம். இல்லறம் இனிப்பது பேச்சாலா, பொறுமையாலா என்று தலைப்பு. அவள் பொறுமைக் கட்சி. பீரோ கதையைச் சொல்லி முடித்தபோது பந்தல் சிரிப்பில் அதிர்ந்தது. பழக்கத்தில் அவள் கண் கடைசி வரிசைக்குப் போயிற்று. நாக்கு தானாகச் சொன்னது:

"அந்த பீரோ இப்ப வூட்டுக்குள்ளதான் இருக்கு. அவருதான் இல்ல."

அதற்கும் சிரித்தார்கள். முன்வரிசையிலிருந்து ஒருவர், "எங்க போயிட்டாரு?" என்று குரல் கொடுத்தார். சிரிப்பு இன்னும் கூடியது. மீதியை அவர்களே நிரப்பிக்கொண்டுவிட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. அத்தனை முகங்களும் அடுத்த வரிக்காக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. குழந்தைகள்கூட வாயைத் திறந்து வைத்திருந்தார்கள்.

"இன்னொரு பீரோ பாக்கப் போயிருக்காரு" என்றாள்.

நடுவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பொறுமைக் கட்சிதான் ஜெயித்தது.

மேடைக்குப் பின்னால் அவள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மாள் மஞ்சள் பையோடு வந்தார். பெயர் தையலம்மாள், பாகூரிலேயே கரும்பு போடுகிற குடும்பம் என்று சொல்லிக்கொண்டார்.

"டீச்சர், உங்க பேச்ச முன்னயே கேட்டிருக்கேன். இது பனங்கெழங்கு. வேக வெச்சே எடுத்தாந்தேன். உங்க வூட்டுக்காரருக்குக் குடுங்க. வூட்டுல ஒண்டியா இருக்கும்போதுகூட அந்த மனுசன நெனச்சா எனக்கு சிரிப்பு வந்துடும்."

பை இன்னும் சூடாக இருந்தது. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம்.

"அவர் இல்லம்மா."

"அதான் சொன்னீங்களே, பீரோ பாக்கப் போயிருக்காருன்னு."

"இல்லம்மா. ஆனி மாசத்துல செத்துப்போயிட்டார்."

தையலம்மாள் இன்னும் சிரித்த முகத்தோடுதான் நின்றார். அந்தச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"அப்ப மேடையில இருக்காருன்னு பேசனீங்களே?"

"பேசினேன். அங்கதான் அப்படிச் சொல்ல முடியுது."

அந்த அம்மாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பேரு இன்னா அவருக்கு?"

இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை. மேடையில் அவருக்குப் பெயர் தேவைப்படவே இல்லை.

"அரிகரன்."

பிறகு அவள் பேசினாள். எங்கே நிறுத்துவது, எங்கே குரலை உயர்த்துவது என்று யோசிக்காமல் பேசினாள். கையில் சாவி இருந்தாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார். சாப்பாட்டில் உப்பு கூடினால் எதுவும் சொல்லாமல் மோரை ஊற்றிக்கொள்வார். மரம் வெட்டுகிற இடத்தைத் தாண்டும்போது பார்க்கப் பொறுக்காமல் பைக்கை வேகமாக ஓட்டுவார். கேட்பவரைச் சிரிக்க வைக்கிற சங்கதி ஒன்றும் அதில் இல்லை. தையலம்மாள் நடுநடுவே "உம்" என்று மட்டும் சொன்னார்.

கோலப் போட்டிப் பரிசு அறிவிப்பு ஆரம்பித்ததும் அவர் எழுந்தார். "மருமவ தேடுவா. கெழங்க நீங்க சாப்புடுங்கம்மா. ஆறிப்போச்சின்னா நாரு கடிபடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் புகழ்வேந்தன் போன் செய்தான். "திருவாண்டார்கோயில்ல ஒரு புரோகிராம் மேடம். பீரோ பிட்டு கட்டாயம் வேணும்னு சொல்றாங்க. வாட்ஸப்புல ஓடிக்கிட்டு இருக்கு."

"பேசறேன். ஆனா அவர் செத்துப்போயிட்டார்னு முதல்லயே சொல்லிட்டுத்தான் பேசுவேன்."

"சொல்லிட்டா யாரு மேடம் சிரிப்பாங்க?"

"தெரியல."

"திருவிழா மேடம். கேட்டுட்டுச் சொல்றேன்."

அவன் அப்புறம் கூப்பிடவில்லை. சுவேதா என்கிற புதுப் பெண் பேசினாளாம். நன்றாகச் சிரிக்க வைத்தாளாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விசாலாட்சி பாகூர் வீடியோவை ஒருமுறை போட்டுப் பார்த்தாள். "அவருதான் இல்ல" என்ற இடத்தில் தன் முகத்தை உற்றுப் பார்த்தாள். எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறோம் என்று இருந்தது. கூட்டத்தின் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. போனை மேசையில் வைத்தாள். வெளியே காலி மனையில் யாரோ ஓட்டிவந்த மாடு மேய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் காலையில் முதல் வகுப்பே அவளுடையது. புடவைக்கு இஸ்திரி போட எழுந்தாள்.