உருளைக்காரிகளுக்கு இங்கிலீஷ்

சலவைக்கூடத்தில் இங்கிலீஷ் வகுப்பு என்றதும் முதலில் சிரித்தவர் கொதிகலன்காரர்தான். "துணியை வெளுத்தது போதாதுன்னு நாக்கையும் வெளுக்கப் போறாங்களா?" என்றார்.

ஹோட்டல் விரிப்புகளும் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம் அது. துவைத்த விரிப்பை ஈரத்தோடு இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனை பிடித்து நீராவி உருளைக்குள் கொடுக்க வேண்டும். உருளை அதை இழுத்து, தேய்த்து, மறுபக்கம் துப்பும். போன மாதம் அது, வாயாடி என்று எல்லோரும் கூப்பிடும் உருளைக்காரியின் அண்ணியுடைய வலது கையையும் சேர்த்து இழுத்தது. மணிக்கட்டுவரை வெந்துபோய், விரல்கள் ஒட்டிக்கொண்டன.

உருளைக்கு முன்னால் ஒரு காவல் கம்பி உண்டு. கை பட்டால் எந்திரம் நின்றுவிடும். சுருண்ட துணி பட்டாலும் நின்றுவிடும் என்பதுதான் சிக்கல். நின்று நின்று ஓடினால் அன்றைய மூட்டை தீராது; தீராமல் வீட்டுக்கு விடமாட்டார்கள். அதனால் மேஸ்திரி கம்பியைத் தூக்கிக் கிழிந்த விரிப்பால் கட்டிவிட்டார். எந்தப் பெண்ணும் வாய் திறக்கவில்லை. அவிழ்ந்தால் அவர்களே இழுத்துக் கட்டினார்கள். அவ்வளவு புத்திசாலிகள்.

இப்போது பெரிய ஹோட்டல்காரர்கள் வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். இரண்டு நாள் சுற்றிப் பார்ப்பார்களாம். வேலை செய்கிறவர்களோடு நேராகப் பேசுவார்களாம். அதற்குத்தான் வகுப்பு. சாப்பாட்டு அறையில் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு, ஒரு பயிற்சியாளரையும் பிடித்து வந்தார்கள். கழுத்துப்பட்டை கட்டிய அந்த மனிதர் நெஞ்சில் கைவைத்து, "மைசெல்ஃப் உங்க டிரெய்னர்" என்று தொடங்கினார். அந்த நிமிஷமே அவர் பெயர் மைசெல்ஃப் ஆகிவிட்டது.

"ஒருத்தர் செய்யற வேலை அவர் மேலேயே திரும்பி வந்தா செல்ஃப் போடணும்" என்றார் மைசெல்ஃப். "ஹெல்ப் யுவர்செல்ஃப். விருந்தாளி வந்தா சொல்றது. வேணுங்கறதை நீங்களே எடுத்துக்கோங்கன்னு அர்த்தம்."

"எதை எடுத்துக்கறது சார்? தட்டு காலியா இருக்கே" என்றாள் வாயாடி. பெஞ்சு குலுங்கியது.

"பிஹேவ் யுவர்செல்ஃப்!"

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"வாயை மூடிக்கிட்டு ஒழுங்கா இருன்னு அர்த்தம்."

"அட, இது மேஸ்திரி தமிழிலேயே தினம் சொல்றதுதானே."

வி என்ஜாய் அவர்செல்வ்ஸ் அட் வொர்க் என்று எல்லோரையும் கத்த வைத்தார். கொதிகலன்காரர் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, வேலை செய்துகொண்டே இன்பமாக இருக்கிறவனைத் தான் இன்னும் பார்த்ததில்லை என்றார். பார்த்தால் டாக்டரிடம் கூட்டிப்போவாராம்.

கடைசியில் பலகையில் எழுதியது ஷி ஹர்ட் ஹெர்செல்ஃப். அவளே தன்னைக் காயப்படுத்திக்கொண்டாள். அதை வாயாடி மட்டும் படித்தால் போதும் என்றார் மைசெல்ஃப்.

மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உன் அண்ணியைப் பத்தி அவங்க கேப்பாங்க. நீ அந்த ஒரு வரியைச் சொல்லு. அப்புறம், கம்பெனி பார்த்துக்கிச்சுன்னு சொல்லு. மறுநாளே அவளை மடிப்புப் பக்கம் எடுத்துக்கறேன். உட்கார்ந்த வேலைம்மா."

"நான் சொல்லலைன்னா?"

"வெந்த கையை வச்சுக்கிட்டு எங்கே போவா?" என்றார் மேனேஜர், அக்கறையாகக் கேட்பவர்போல.

வாயாடி படித்தாள். மாவு பிசையும்போதும் படித்தாள். அவள் அண்ணன் லாரி ஓட்டப் போய் வாரக்கணக்கில் வீடு திரும்பாதவன். அடுப்பும் இரண்டு பிள்ளைகளும் வெந்த கையும் இவளுக்கும் அண்ணிக்கும்தான்.

வந்தவர்கள் மூன்று பேர். முன்னால் நடந்தவள் நரைத்த தலைமுடிக்காரி. அன்று காலை மேஸ்திரி துணியை அவிழ்த்துக் கம்பியை இறக்கியிருந்தார். அதைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். எல்லாவற்றையும் யோசித்த அந்த மூளைகள் கைகளைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை.

வாயாடியும் எதிரில் நின்றவளும் விரிப்பைக் கொடுத்தார்கள். ஆறு வருஷமாகக் கம்பியில்லாத இடத்தில் நீண்டு பழகிய கைகள். நீட்டியதும் மோதின. உருளை நின்றது. ஓட்டினார்கள். மறுபடி மோதின. நின்றது. அடுத்த உருளையும் நின்றது. வரிசையாக ஐந்தும் நின்று, கூடமே இழவு வீடுபோல் அமைதியானது. மேஸ்திரி முகத்தில் ரத்தமில்லை.

நரைத்தலைக்காரி ஏதோ கேட்டாள்.

"ஏன் நிக்குதுன்னு கேக்கறாங்க" என்றார் மைசெல்ஃப். பிறகு கிசுகிசுத்தார். "நீ அண்ணி வரியைச் சொல்லிடு."

கேட்டது ஒன்று, படித்தது ஒன்று. வாயாடி கம்பியைப் பார்த்தாள். அது அன்று ஒழுங்காக வேலை செய்தது. போன மாதமும் இப்படி நின்றிருக்கும்.

"இந்தக் கம்பி எங்க கைக்குப் பழக்கமில்லைம்மா" என்று தமிழிலேயே ஆரம்பித்தாள். "இதைக் கட்டித்தான் வைப்போம். கட்டச் சொன்னவர் அதோ நிக்கறார். கட்டினது நாங்களும்தான். எங்க அண்ணி கை உள்ளே போன அன்னிக்கும் கட்டித்தான் இருந்துச்சு."

மைசெல்ஃப் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துவிட்டு, "ஷி ஹர்ட் ஹெர்செல்ஃப்" என்றார்.

அவ்வளவு நீளப் பேச்சுக்கு இத்தனூண்டு இங்கிலீஷா என்று நரைத்தலைக்காரிக்கே சந்தேகம் வந்துவிட்டது. வாயாடி அவரை நகரச் சொல்லிவிட்டுக் கம்பியை மேலே தூக்கிப் பிடித்தாள். எதிரில் நின்றவள் ஒரு கணம் மேஸ்திரியைப் பார்த்தாள். பிறகு விரிப்பைக் கொடுத்தாள். உருளை தங்குதடையின்றி ஓடியது. வாயாடி தன் இன்னொரு கையை உருளையின் வாய்வரை கொண்டுபோய் நிறுத்தி, பிறகு கம்பியை விட்டுவிட்டு அந்த மணிக்கட்டைச் சுற்றி விரலால் கோடு போட்டுக் காட்டினாள்.

நரைத்தலைக்காரி தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டாள். அதற்கு அர்த்தம் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

வேலை முடிந்ததும் மேனேஜர் வாசலில் நின்றார். "உன் அண்ணிக்கு இங்கே இடமில்லை. உனக்கும் நாளைக்கு அப்புறம் யோசிக்கணும்" என்றார்.

வீட்டில் அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே மடித்த துண்டுகள். இடது கையாலும் முழங்காலாலும் மடித்துப் பழகியிருந்தாள். ஓரங்கள் கோணல்தான், ஆனாலும் மடிப்புதான். வாயாடி நடந்ததை நின்றபடியே சொன்னாள்.

"உன்னை யாருடி பேசச் சொன்னது?" அண்ணி ஒரு துண்டை எடுத்து அவள்மேல் வீசினாள். "ஒரு வரி. கிளிப்பிள்ளைகூடச் சொல்லும். என் பிழைப்பை வச்சு நீ வீராங்கனை ஆகறியா?"

"நீயே வேணும்னு கையை விட்டேன்னு நான் எப்படி அண்ணி சொல்வேன்?"

"சொல்லியிருந்தா சோறாவது கிடைச்சிருக்கும்."

வாயாடி கீழே விழுந்த துண்டை எடுத்து மறுபடி மடித்தாள். அது ஓரத்தோடு ஓரம் சேர்ந்து மடிவதை அண்ணி பார்த்தாள். பிறகு கைக்கட்டின் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

"அந்தப் பொம்பளை நாளைக்கும் இருப்பாளா?"

"இருப்பா. ரெண்டு நாள்னு சொன்னாங்க."

"அப்ப உன் கையை எதுக்குடி காட்டினே? நான் வர்றேன். என்னுதையே பார்க்கட்டும்" என்று சொல்லி, முடிச்சை அவிழ்க்க வலது கையை அவளிடம் நீட்டினாள்.