பின்பாதிக் குரல்

டயாலிசிஸ் முடிந்த நாளில் கிட்டுவுக்குக் குரல் பாதியாகத்தான் எழும். ஆயினும், தாம்பரத்துக் காலனி மண்டபத்தில் பாசுரம் ஓதும் கோஷ்டியில், பின்பாதியைத் தொடங்கும் குரல் இருபது ஆண்டுகளாக அவருடையது. பாட்டின் முதலிரண்டடியை ஓரணி சொல்லும். எஞ்சிய இரண்டடியை எதிரணி ஏற்கும். இடையே ஒரு மூச்சுக்குமேல் இடைவெளி ஆகாது. மருத்துவர் பயணத்தை விலக்கிவிட்டதால், கோவிலம்பாக்கத்து வீட்டிலிருந்தே அவர் ஓதும்படி இணைப்பு அமைத்தான் மைத்துனன் அச்சுதன், நெட்வொர்க் பொறியாளன்.

முதல் ஒத்திகையில் ஒலி பளிங்காயிருந்தது. ஆனால் குரல் இணையத்தில் சிறுசிறு துணுக்குகளாகத்தான் போகும்; வழியில் தொலைந்த ஒவ்வொரு துணுக்கையும் மீளக் கேட்டு வாங்கிய பின்னரே மண்டபத்துக் கருவி அடுத்ததை ஒலித்தது. தாமதம் துளித்துளியாய்ச் சேர்ந்தது.

"கிட்டு மாமா, நாங்க அடுத்த பாட்டுக்கே போயாச்சு! நீங்க எந்த ஊர்ல இருக்கேள்?" என்றான் கோஷ்டிச் செயலாளன் உமேஷ். மண்டபமே சிரித்தது. "கடைசி நாள் சாத்துமுறை அன்னிக்கும் இப்படின்னா வேற யாரையாவது ஆரம்பிக்கச் சொல்லிடறோம். தப்பா நினைச்சுக்காதேங்கோ."

மறுநாள் அச்சுதன் மீளக் கேட்பதை நிறுத்தி, ஒவ்வொரு துணுக்கையும் மும்முறை அனுப்பினான். மெலிந்த இணைப்பு அச்சுமையில் திணறிற்று. குரல் உடைந்துடைந்து போயிற்று.

"திருப்பிக் கேட்டா லேட்டாறது, அத்திம்பேர். மூணு மூணா அனுப்பினா லைன் தாங்கலை," என்று கண்ணைக் கசக்கிக்கொண்டான். "அஞ்சு துணுக்குக்கு ஒரு உதவித் துணுக்கு சேர்க்கறேன். அஞ்சுல ஒண்ணு தொலைஞ்சா அதை வச்சு மண்டபத்துலயே சரிபண்ணிக்கும். அதுக்கு மேல தொலைஞ்சா போகட்டும். எவ்வளவு தொலையறதுன்னு மட்டும் அந்தப் பக்கம் அப்பப்போ சொல்லட்டும். அதைப் பார்த்து உதவியைக் கூட்டிக் குறைச்சுக்கலாம்."

"நடுவுல எனக்கு ஒண்ணும் கேக்கலைன்னா?"

"நிறுத்தப்படாது. 'காதுல விழறதா, விழறதா'ன்னு நீங்க கேக்கறதே பாதி நேரத்தைத் தின்னுடறது."

"நான் மிஷின் இல்லைடா."

"தெரியும். மிஷின் இவ்ளோ படுத்தாது."

நிறைவு நாளான சாற்றுமுறையன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. இருபது பாட்டுவரை பழுதில்லை. இருபத்தோராம் பாட்டில், முதலிரண்டடி முடியுந்தறுவாயில் மண்டபத்தின் ஒலி அடியோடு அற்றது. எவ்வளவு தொலைந்தது என்ற எதிர்முனைக் கணக்கும் வரவில்லை. வாராமையையே செய்தியாகக் கொண்டு, அச்சுதன் ஐந்துக்கு இரண்டு என உதவித் துணுக்கைக் கூட்டினான்.

'காதுல விழறதா' என்று கேட்க வாய் திறந்த கிட்டு, கேள்வியை விழுங்கினார். ஒரு மூச்சு எண்ணித் தமக்குரிய இரண்டடியைத் தொடங்கினார். காணாத பரமனை நோக்கிப் பாடிப் பழகியவர்தாம். எனினும், எதிரொலி இல்லாத வெறுமைக்குள் ஓதுவது நோயினும் பெருங்களைப்பாயிருந்தது. ஈற்றடியின் ஈற்றெழுத்துவரை இழுத்து நிறுத்தினார்.

ஒலி மீண்டது. முதலணியினர் இருபத்திரண்டாம் பாட்டைத் தொடங்கிக்கொண்டிருந்தனர். ஒருவர் குரலிலும் தடுமாற்றமில்லை. தேங்கிநின்ற கணக்கும் திரையில் வந்தது: அனுப்பியவற்றில் நான்கிலொரு பங்கு தொலைந்திருந்தது, அத்தனையும் அங்கே சரியாகியிருந்தது. அச்சுதன் திரையைத் திருப்பிக் காட்டினான்.

கிட்டு அதைப் பார்க்கவில்லை. தம் முறை வர இன்னும் ஓரடி இருந்தது. அதுவரை கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார்.