வீட்டுக்குப் போகிற ஜாக்கெட்

நீல வாத்து பாரின் பின்னறையில் ஒரு பிரம்புக் கூடை இருக்கிறது. அது நிறையச் சாம்பல் நிற ஜாக்கெட்டுகள். வானவில் பேரணிக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்கு வந்து ஆடித் தீர்த்துவிட்டு, மாலை ரயிலில் சின்ன ஊர்களுக்குத் திரும்புகிறவர்கள் ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டு போவார்கள். அடுத்த முறை வரும்போது துவைத்துக் கொண்டுவந்து போடவேண்டும். யாரும் சட்டம் போடவில்லை. சாயம் பூசிய முகத்தோடு போனவர்களுக்கு ரயில்களில் அடி விழ ஆரம்பித்த பிறகு தானாக வந்த வழக்கம்.

அவர்களுக்கு முகம் துடைத்துவிடுவது என் வேலை. மேடையில் என் பெயர் ரொசாலி. அம்மா வைத்த பெயரைச் சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். அறுபதை நெருங்குகிற ஆண், தலையில் பொன்னிறக் கொண்டை, கையில் கிரீம் டப்பா. காலையெல்லாம் பார்த்துப் பார்த்துத் தீட்டிய முகங்களைச் சாயங்காலம் நானே அழிக்கவேண்டும். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

சனிக்கிழமை முதலில் எக்கார்ட் வந்து உட்கார்ந்தான். ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இறைச்சிக்கடை வைத்திருக்கிறான். வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அவனுக்குப் பச்சை ஜிகினா கவுன், கண்ணுக்கு மேல் தங்கப் பொடி. கவுன் மற்ற நாளெல்லாம் என் அலமாரியில்தான் தொங்கும். அன்று பேரணி வண்டிக்குப் பின்னால், அப்போதுதான் பழக்கமான லெவின் என்ற பையனின் கையைப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க ஆடிக்கொண்டே வந்திருந்தான். அந்தக் கனத்த உடம்பு அப்படி ஆடும் என்று யார் நினைப்பார்கள்?

"தேச்சுத் தேச்சுத் தோலை உரிச்சிடாதடி," என்றான்.

"உன் தோலுக்குப் பன்னித் தோல் தேவல. வாயை மூடு, கிரீம் உள்ள போயிடும்."

"காதுக்குப் பின்னாடி பாரு. போன வருஷம் அங்க மினுமினுத்துச்சு. கடைக்கு வந்த பொம்பள ஒருத்தி என்னன்னு கேட்டா."

"என்ன சொன்ன?"

"மீன் செதில்னேன்."

"கறிக்கடைல மீன் செதிலா? பொய் சொல்லவும் ஒரு மூளை வேணும்."

லெவின் வாசலில் நின்று சிரித்தான். இருபத்தைந்து வயது இருக்கும். அதே ரயில் பாதையில் ஓர் ஊரில் ரொட்டிக்கடை வேலை. இமையெல்லாம் ரோஜா நிறம்.

"அடுத்தது நீ வா," என்றேன்.

"வேணாம்க்கா. நான் என்ன திருடிட்டா போறேன்? வந்த மாதிரியே போறேன்."

"வீராப்பு பேசாத. ஜாக்கெட்டாவது எடுத்துக்க."

"யாரோட வேர்வையோ அது." என் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, முகம் முழுக்கக் கிரீமோடு உட்கார்ந்திருந்த எக்கார்டுக்குக் கையாட்டிவிட்டு, ரயிலுக்குக் கிளம்பிப் போனான்.

எக்கார்டை நான் முழுசாகத் துடைத்து முடித்தேன். நகம், கழுத்து, காதுக்குப் பின்னால், எல்லாம். ஜாக்கெட்டை மாட்டியதும் கண்ணாடியில் ஒரு கறிக்கடைக்காரன் நின்றான். அதே ரயிலைப் பிடிக்க அவனும் ஓடினான்.

மறுநாள் பகலில் நான் தோரணங்களை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது எக்கார்ட் வந்தான். அக்குளில் ஜாக்கெட்டைச் சுருட்டி வைத்திருந்தான். அதைக் கூடையில் போடாமல் அதே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"லெவினை அடிச்சிட்டானுங்க."

நான் தோரணத்தைக் கீழே போட்டேன்.

"நான் ஏறுன பெட்டிலதான் அந்தக் கோடில உக்காந்திருந்தான். கூட்டம் குறையட்டும், போய்ப் பேசலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கருப்புச் சட்டை போட்ட நாலு பேரு ஏறுனானுங்க. ஒருத்தன் என் கடைக்கு வர்றவரோட மகன். என்னைப் பாத்துட்டு, 'மாமா, இப்படி வந்து உக்காருங்க, அங்க நாறுது'ன்னான்."

"நீ?"

"போய் உக்காந்தேன், ரொசாலி. அவனுங்க நடுவுல."

அவன் கைகள் முழங்காலின் மேல் சும்மா கிடந்தன.

"பாட்டிலால அடிச்சானுங்க. தினம் எலும்பு வெட்டுறவன் நான், அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். சன்னலையே பாத்துட்டிருந்தேன். அவனுங்க எறங்கிப் போனப்பறம்தான் எந்திரிச்சேன். ஜாக்கெட்டக் கழட்டி அவன் கண்ணுல வச்சு அமுக்கிட்டே இருந்தேன், ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும். இன்னொரு கண்ணால என்னைப் பாத்தான். 'ரொம்ப நன்றி. உங்கள மாதிரி ஆளுங்கள்லயும் நல்லவங்க இருக்காங்க'ன்னான்."

நான் ஒரு நாற்காலியை இழுத்து அவன் எதிரில் போட்டு உட்கார்ந்தேன்.

"மத்தியானம் பூரா என் கையப் புடிச்சுட்டு ஆடுனவன்டி. என்னைத் தெரியல அவனுக்கு."

அவனைச் செருப்பால் அடிக்கவேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. அந்த முகத்தை அவ்வளவு சுத்தமாகத் துடைத்துக் கொடுத்த கை என்னுடையது. யாரை அடிக்க?

"போலீஸ்ல அந்தக் கருப்புச் சட்டைக்காரன் பேரைச் சொன்னியா?"

"சொல்லத்தான் போறேன். சொன்னா என் கடை மிஞ்சாது, அதுவும் தெரியும். அதுக்கு முன்னாடி லெவின்ட்ட சொல்லணும். நாலு மணிக்கு எங்க ஊர் ஆஸ்பத்திரில பாக்க விடுவாங்க." அலமாரிப் பக்கம் பார்த்தான். "அந்தக் கவுனை எடு. நேத்து மாதிரியே முகத்தைப் போட்டு விடு."

"பைத்தியமா உனக்கு? அதே ரயில்ல போகணும்."

"அதே ரயில்தான்."

"இப்படியே போய்ச் சொல்லேன். வாய் இருக்குல்ல?"

"இந்த மூஞ்சிக்கு அவன் நன்றி சொல்லிட்டான். நேத்து எவன் உக்காந்து சன்னலப் பாத்துட்டிருந்தான்னு அவன் பாக்கட்டும்."

"பாக்க முடியுமா அவனால?"

"ஒரு கண்ணு போயிடுச்சு. ஒண்ணு இருக்கு."

கிரீமைத் தள்ளி வைத்துவிட்டுத் தங்கப் பொடியைத் திறந்தேன். இடது இமை கோணிப்போனது; துடைத்து மறுபடி தீட்டினேன். காதுக்குப் பின்னாலும் பூசினேன். அவன் தடுக்கவில்லை.

கவுனை மாட்டிக்கொண்டு கிளம்பினான். ரத்தக்கறை படிந்த ஜாக்கெட் நாற்காலியிலேயே கிடந்தது. கூடையிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டு வாசல்வரை ஓடினேன், கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை. நல்ல வெயில். ட்ராம் நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேருக்கும் அவன் தெரிந்தான்.