ஒரு முழங்கால், இரண்டு முழங்கால்

முதலில் மைதானத்தைச் சொல்லிவிடுகிறேன். மைதானம் விளங்காவிட்டால், அலனுடைய முழங்கால் எங்கள் ஊரை ஏன் இரண்டாக்கியது என்பதும் விளங்காது.

எங்கள் வாவியொளி விளையாட்டுக் கழகத்துக்குச் சொந்தமாக இரண்டு பந்துகளும் ஒரு காற்றடிக்கும் பம்பும் உண்டு. மைதானம் சொந்தமில்லை. தன்னாமுனையைத் தாண்டி வாவிப் பக்கமாக இறங்கினால் தெரியும் அந்த வெளியில், தெற்குக் கோல் கம்பம் நிற்பது பிள்ளையார் கோயில் காணியில். வடக்குக் கோல் கம்பம் நிற்பது மாதா கோயில் காணியில். நடுக்கோடுதான் எல்லை. நில அளவையாளர் வந்து நட்ட எல்லைக் கல் நடுவட்டத்துக்குள் விழுந்ததால், அதை மண்ணுக்குள் அமிழ்த்தி, அதன்மேல் பந்தை வைத்து இத்தனை காலமும் ஆடிவந்தோம். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறுவதால் பிள்ளையாருக்கும் மாதாவுக்கும் சரிசமமான நேரம் கிடைத்தது. இதைவிடச் சிறந்த சமய நல்லிணக்கத்தை எந்த அமைச்சும் இதுவரை ஏற்படுத்திக் காட்டவில்லை.

போன வருடம் அந்த மைதானத்தின் ஓரத்தில் ஒரு லொறி நிறையக் கொங்கிறீட் தூண்கள் வந்து இறங்கின. நடுக்கோட்டின் வழியே வேலி போடுவதற்கு. வேலி விழுந்தால் ஆளுக்கொரு கோல் கம்பம். ஒற்றைக் கோலை வைத்துக்கொண்டு என்ன ஆட்டம் ஆடப்போகிறீர்கள் என்று செயலாளர் என்ற முறையில் இரு பக்கத்தாரையும் தனித்தனியாகக் கேட்டேன். "அத மறுகா பாப்பம், முதல்ல எங்கட கோலக் காப்பாத்துவம்" என்று இரு பக்கத்தாரும் சொல் மாறாமல் பதில் சொன்னார்கள். அந்த ஒற்றுமை எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இனி அலன்.

செபஸ்தியாம்பிள்ளையின் மகன் அலன் எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன். பழைய அலனை ஊரில் பிடிக்காதவர் இல்லை. எதிரணியின் காற்சட்டையைப் பிடித்து இழுப்பான். ஆள் தொடுமுன்பே விழுந்து, கால் முறிந்தவன்போல உருண்டு, பெனால்ட்டி கிடைத்ததும் எழுந்து தானே அடிப்பான். அவன் வாயிலிருந்து வந்த சொற்களைக் கேட்டு எதிரணியின் பின்வரிசைக்காரன் ஒருவன் அழுதே இருக்கிறான். கோல் அடித்ததும் நெஞ்சில் ஒரு சிலுவை போட்டுக்கொள்வான். அதை யாரும் சமயமாகக் கணக்கெடுக்கவில்லை. மூக்கைச் சொறிவதுபோல ஒரு பழக்கம் என்றுதான் நினைத்தோம்.

பிறகு அவன் டவுனில் ஓர் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கினான். அன்று பிடித்தது கழகத்துக்குச் சனி. குடியை விட்டான். கெட்ட வார்த்தையை விட்டான். எதிரணியின் காற்சட்டையையும் விட்டான். கோல் அடித்தால் நடுவட்டம்வரை ஓடிவந்து, இரண்டு முழங்காலையும் மடித்து விழுந்து, இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தி, "மகிமை உமக்கே!" என்று வாவிக்கு அக்கரை கேட்கச் சத்தமிட்டான்.

இதை முதலில் ஆட்சேபித்தவர் கழகத் தலைவர் கோணாமலை. பிள்ளையார் கோயில் வண்ணக்கரும் அவரே. கோயில் சாவி முதல் கணக்குவரை அவர் கையில். ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் நடுவட்டத்தில் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் அடித்து, கோல் கம்பத்தடியில் குங்குமம் தடவித் தேசிக்காய் வெட்டி வைப்பவர்.

"விளையாட்டுக்க என்னத்துக்குடா சமயம்?" என்று அவர் அலனைக் கேட்டபோது அவர் கையிலிருந்து தேங்காய்த் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"அப்ப தேங்காய், வண்ணக்கர்?" என்றேன் நான்.

"தேங்காய் சமயமா? அது வழமை."

இரண்டாவது ஆட்சேபம் பொருளாளர் பீற்றிஸ் அக்காவுடையது. இவர் அலனின் தாயின் மூத்த சகோதரி. போட்டிக்கு முதல்நாள் ஜேர்சிகளைக் கழுவி, கடைசி அலசலில் மாதா கோயில் தீர்த்தம் தெளித்து, கோல் வலையின் மூலையில் அந்தோனியார் பதக்கம் கட்டுகிறவர்.

"சிலுவை போட்ட புள்ளைய அந்த மேல்மாடிக்காரன் கெடுத்துப்போட்டான். ஞாயித்துக்கிழமை பூசைக்கு வந்து மடியாத முழங்கால், கிறவுண்டில என்னத்துக்கு மடியுது?"

இளைஞர் அணியின் நிதுர்ஷனுக்கும் ஒரு கருத்து இருந்தது. அவனுடைய கைபேசியைத் திறந்தால், வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர் புல்லில் மண்டியிட்டு வானத்தைப் பார்க்கும் படம் வரும்.

"இந்த ஆள் கும்பிட்டா மட்டும் உனக்குப் புடிக்குதோ?" என்று கேட்டேன்.

"அங்க கமரா இருக்கு அண்ணன். இவன் ஆருக்குக் காட்டுறான்?"

இப்படி எல்லாரும் ஒருமனதாக அலனுக்கு எதிராக இருந்தவரை கழகத்துக்கு ஆபத்து இல்லை. அரையிறுதிப் போட்டியில்தான் அது கெட்டது. அன்று அலன் கோல் அடித்தான். வழக்கம்போல நடுவட்டத்துக்கு ஓடிவந்து விழுந்தான். விழுந்த இடம் தலைவர் தேங்காய் அடித்த இடம். சிரட்டைத் துண்டு முழங்காலைக் கிழித்து இரத்தம் கொட்டியது.

"பாத்தீங்களா? பிள்ளையாருக்கு அடிச்ச தேங்காய மிதிக்கான்!" என்று தலைவர் கத்தினார்.

"மிதிச்சானா? எங்கட புள்ளட முழங்காலக் கிழிச்சிப்போட்டு நாயம் கதைக்கிறீங்களோ?" என்று பீற்றிஸ் அக்கா குடையோடு மைதானத்துக்குள் இறங்கினார்.

"நீங்களும்தானே அக்கா அவன ஏசின?" என்றார் தலைவர்.

"நான் ஏசுவன். அவன் என்ட தங்கச்சிட மகன். நீங்க ஆரு ஏச?"

 அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் தூண்களோடு லொறி வந்தது. அரைவாசித் தூண்களைக் கோயில் பக்கத்தார் கொண்டுவந்தார்கள். மீதியைச் சேர்ச் பக்கத்தார் கொண்டுவந்தார்கள். பிரிவதற்காக இவ்வளவு அழகாக ஒத்துழைத்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இறுதிப் போட்டி மாங்கேணி அணியுடன், எங்கள் மைதானத்திலேயே. அதுவரை தூண்களைத் தொடுவதில்லை என்று இரு பக்கத்தாரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டு, வாசிகசாலையில் விசேட கூட்டம் வைத்தேன். பொருள்: அலனுடைய முழங்கால். நான் எழுதிக்கொண்டுபோன தீர்மானம் எளிமையானது. ஒரு முழங்கால் மடிந்தால் அது விளையாட்டு. இரண்டும் மடிந்தால் அது சமயம். ஆகவே இனி ஒன்று.

"கை?" என்றார் தலைவர்.

"நெஞ்சுக்கு மேல போகப்படாது."

"வாய்?" என்றார் பீற்றிஸ் அக்கா.

"அசையலாம். சத்தம் வரப்படாது."

பின்வரிசை வாங்கில் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு இருந்த அலன் கையை உயர்த்தினான்.

"கண் அண்ணன்? மூடலாமா?"

அவன் பகிடிக்குத்தான் கேட்டான். ஆனால் சபை அதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. மூடலாம் என்று ஒரு சாரார். மூடினால் அது ஜெபம் என்று மறு சாரார். கண் விடயத்தை உபகுழு ஒன்றுக்குப் பாரப்படுத்திவிட்டு, தேநீர் குடித்துக் கலைந்தோம்.

வெளியே வந்ததும் அலனைத் தனியே பிடித்தேன்.

"இஞ்ச பார் தம்பி. ஒரு கோல் அடி. ஒரு முழங்காலில நில்லு. கிண்ணம் மட்டும் வரட்டும், ஒருத்தனுக்கும் வேலி ஞாபகம் வராது. இல்லாட்டி அடுத்த கிழமை கிடங்கு கிண்டுவானுகள். கிறவுண்ட் போயிரும்."

"கோல் அடிக்கப் பாக்கிறன் அண்ணன்," என்றான். "மற்றதுக்கு நான் பொறுப்பெடுக்க ஏலா."

மற்றது என்று அவன் முழங்காலைத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன்.

இறுதிப் போட்டியன்று ஊரே திரண்டது. உட்கார இடமில்லாமல் சனம் கொங்கிறீட் தூண்களின்மேல் ஏறி இருந்தது. கோயில் பக்கத்தார் கொண்டுவந்த தூணில் சேர்ச் பக்கத்தாரும், அவர்கள் தூணில் இவர்களுமாக. சூடு எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் இருந்திருக்கும். தலைவர் தேங்காயை உடைத்து, இந்தமுறை சிரட்டைத் துண்டுகளைத் தானே குனிந்து பொறுக்கினார். பீற்றிஸ் அக்கா வலையில் பதக்கத்தைக் கட்டினார். மாங்கேணிக்காரர் என்ன கட்டிக்கொண்டு வந்தார்களோ தெரியாது. நல்லதாக ஏதோ கட்டியிருக்க வேண்டும். கடைசிக் கட்டம்வரை எங்களால் ஒரு கோலும் போட முடியவில்லை. அவர்களாலும் முடியவில்லை.

ஆட்டம் முடியும் தறுவாயில் வாவிக் காற்று கிளம்பி மைதானத்தைப் புழுதியாக்கியது. வலது மூலையிலிருந்து பந்து உயர்ந்து வந்தது. அலன் எழும்பினான். கோல் காப்பாளன் எழும்பினான். பந்து வலைக்குள் கிடந்தது. மத்தியஸ்தர் விசில் ஊதி நடுவட்டத்தைக் காட்டினார். கோல்!

அந்தக் கோல் எப்படி விழுந்தது என்று இன்றைக்கும் ஊரில் ஒருவராலும் சொல்ல முடியாது. ஏனென்றால் பந்தை யாரும் பார்க்கவில்லை. பந்து உயர்ந்ததிலிருந்தே எல்லாக் கண்களும் அலனுடைய முழங்காலில் இருந்தன.

முழங்கால் மடியவில்லை. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை.

"என்ன கா இது, நிண்டுகொண்டு நிக்கான்?" என்று தூணில் இருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

அலன் நேராக மத்தியஸ்தரிடம் நடந்தான். அவர் பெயர் முஹம்மட், வாழைச்சேனைக்காரர். என்ன பேசினார்கள் என்பதை எல்லைக்கோட்டில் நின்ற நான் முழுதாகக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"சேர், கையில பட்ட."

"என்ன?"

"பந்து. என்ட கையில பட்டுத்தான் போன."

மத்தியஸ்தர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நான் காணல்ல. லைன்மேனும் காணல்ல. மாங்கேணிப் பொடியனுகளும் ஒண்டும் கேக்கல்ல. உனக்கு மட்டும் என்னடா மகன் கஷ்டம்?"

"தெரிஞ்சிட்டே சேர்."

"தெரிஞ்சா?"

"சொல்லத்தானே வேணும்."

 "யா அல்லாஹ், இத்தின வருசமா விசில் ஊதுறன்," என்று முஹம்மட் சேர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கோலை இரத்துச் செய்தார். மாங்கேணி பின்வரிசைக்காரன் பந்தை வைத்து நீளமாக உதைத்தான். எங்கள் ஆட்கள் இன்னும் அலனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பந்து எங்கள் கோலுக்குள் போவதையும் அவர்கள் பார்த்திருக்கலாம். கிண்ணம் மாங்கேணிக்குப் போனது.

அன்று மாலையே, யாரும் அழைக்காமல், வாசிகசாலையில் கூட்டம் கூடியது. தலைவரும் பீற்றிஸ் அக்காவும் ஒரே வாங்கில் இருந்தார்கள்.

"சாமி கும்பிடுறது வேற, உண்மை சொல்லுறது வேற," என்றார் தலைவர். "இவன் ரெண்டையும் போட்டுக் குழப்புறான்."

"சரியாச் சொன்னீங்க வண்ணக்கர்," என்றார் பீற்றிஸ் அக்கா. "பாவம் செஞ்சா சுவாமியாரிட்டப் போய் மெதுவாச் சொல்லோணும். அதுக்குத்தான் அறை கட்டி வெச்சிரிக்கி. ரெபரியிட்ட ஆரும் சொல்லுவானா?"

"அக்கா, நான் இப்பவும் சொல்லுறன், முழங்கால் ஒரு பிரச்சினையே இல்ல," என்றார் தலைவர்.

"இல்லத்தானே! ரெண்டு முழங்காலிலயும் நிண்டிரிக்கலாம் அவன். ஆரும் ஒண்டும் சொல்லியிருப்பமா?"

நிதுர்ஷன் தன் கைபேசியைத் தூக்கிக் காட்டினான். "இந்த ஆள் கையால போட்டாலும் வாயத் திறக்கமாட்டான் அண்ணன். கும்பிட்டுட்டுப் போயிருவான். அதுதான் அவன் அந்த லெவலுக்குப் போன."

அலனைக் கழகத்திலிருந்து நீக்கும் தீர்மானத்தைத் தலைவர் முன்மொழிய, பொருளாளர் வழிமொழிந்தார். ஏகமனது. எங்கள் கழகத்தில் ஒரு தீர்மானம் இரு பக்கத்தின் கையும் உயர்ந்து நிறைவேறியது அதுதான் முதல்முறை. அந்தச் சூட்டோடு வேலி விடயத்தையும் எடுத்துப் போட்டேன். "என்ன வேலி?" என்று தலைவர் கேட்டார். "ஆரும் கிறவுண்டுக்க வேலி போடுவானா?" என்று பீற்றிஸ் அக்கா கேட்டார். தூண்கள் சனம் இருக்க வசதியாக இருப்பதால் கிடக்கட்டும் என்று முடிவாயிற்று. வெற்றி செய்யும் என்று நான் நம்பியிருந்த வேலையைத் தோல்வி செய்து முடித்தது. கண் பற்றிய உபகுழுவும் அன்றோடு கலைக்கப்பட்டது.

அடுத்த நாள் காலை அலன் ஜேர்சியைக் கழுவி மடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"தூக்கிட்டாங்களாம் எண்டு பெரியம்மாதான் சொன்ன," என்றான்.

"ஏகமனதா."

"பெரியம்மாவும் கை உயத்தினவோ?"

"அவதான் வழிமொழிஞ்ச."

சிரித்தான். பிறகு கேட்டான்: "வேலி?"

"போடல்ல."

"கிறவுண்ட் தப்பிச்சிட்டா?"

"தப்பிச்சி."

"அப்ப அது கோல்தான் அண்ணன்," என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான்.  

இந்த வருடம் அவன் மாங்கேணிக்கு ஆடுகிறான். கிண்ணத்தைத் தூக்கிக் கொடுத்தவனை வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு மனம் வருமா? சென்ற மாதம் எங்களுக்கு எதிராகவே ஒரு கோல் போட்டான். காலால்தான். நடுவட்டத்தில் இரண்டு முழங்காலிலும் விழுந்து, இரண்டு கைகளையும் உயர்த்திச் சத்தமிட்டான். விளையாட்டுக்குள் சமயத்தைக் கொண்டுவருகிறான் என்று எங்கள் பக்கத்தில் கோயில்காரரும் சேர்ச்காரரும் தூண்களின்மேல் ஏறி நின்று ஒரே குரலில் கூவினார்கள். கேட்க இனிமையாக இருந்தது.

நேற்று மாங்கேணிக் கழகச் செயலாளர் தொலைபேசியில் பேசினார். நல்ல மனிதர். அலனுடைய ஆட்டத்தை வானளாவப் புகழ்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அங்கே பொடியன்களுக்குள் கொஞ்சம் கதை நடக்கிறது என்றார். ஒரு பக்கம் அவன் கும்பிடுவது சரி என்கிறதாம், மறுபக்கம் சரியில்லை என்கிறதாம். பெரிதாக ஒன்றுமில்லை, சும்மா ஒள்ளுப்பம் கதைதான் என்றார்.

"அதில்ல அண்ணன்," என்று இழுத்தார், "உங்கட கிறவுண்டில கிடக்கிற அந்தக் கொங்கிறீட் தூண் எல்லாம் இப்ப சும்மாதானே?"

எத்தனை தூண், எந்தத் திகதிக்கு வேண்டும் என்று கடிதத்தில் எழுதி அனுப்பச் சொன்னேன்.