புஸ்பத்தின் காது

புஸ்பத்துக்குக் காது போய்விட்டது. இதில் சீனித்தம்பிக்குத் துளியும் சந்தேகமில்லை.

ஒரு காலத்தில் வாவியின் நடுவே தோணியில் நின்று அவர் "புஸ்பம்!" என்று குரல் கொடுத்தால், கரையில் கூடையோடு நிற்கிறவள் "வாறன்!" என்பாள். தண்ணீர் தாண்டி வரும் அந்த ஒற்றைச் சொல்லுக்காகவே அவர் நேரத்தோடேயே தோணியைத் திருப்பியதுண்டு.

பிறகு அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் வருத்தம் என்றார் டொக்டர். தோணி மருமகன் கைக்குப் போனது. அதையெல்லாம் சீனித்தம்பி தாங்கிக்கொண்டார். அந்த "வாறன்" நின்றுபோனதைத்தான் தாங்க முடியவில்லை. முற்றத்திலிருந்து கூப்பிடுவார். குசினிக்குள் அவள் பாட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள்.

கடைசியில் அவளைச் சைகை காட்டியே பஸ் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்துவிட்டார்.

பேச்சையும் காதையும் சோதிக்கிற அறையில் இருந்தவள் முப்லிஹா, ஏறாவூர்ப் பிள்ளை.

"வருத்தம் யாருக்கு?"

சீனித்தம்பி மனைவியைக் காட்டினார். அதே நேரத்தில் புஸ்பம் அவரைக் காட்டினாள்.

முப்லிஹா சிரிப்பை அடக்கிக்கொண்டு புஸ்பத்தின் முதுகுப்பக்கம் போனாள். காற்றுக் குரலில் கேட்டாள்: "அம்மா, இண்டைக்கு என்ன கறி?"

"இறால் சொதி. ஏன் மகள், பசிக்குதா?"

கருவி வைத்தும் பார்த்தாள். காதில் ஒரு பிசகும் இல்லை.

"இப்ப நீங்க இருங்க ஐயா. மூச்ச இழுத்து, ஆ எண்டு நீட்டுங்க."

சீனித்தம்பி நெஞ்சை நிமிர்த்தி நீட்டினார். சத்தம் அளக்கிற கருவியில் எண் ஏறியது. 'பார்த்தியா?' என்று மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

புஸ்பத்துக்கு முகம் விழுந்துவிட்டது. "வீட்டில இப்பிடியில்ல மகள். இஞ்ச வந்து மாப்பிள்ளை மாதிரிக் காட்டுறார்."

சோதிக்கிறார்கள் என்றால் குரல் எழும்பி நிற்கும், தன்னை மறந்து கதைக்கும்போதுதான் அது படுக்கும். முப்லிஹாவுக்கு இது பழக்கமான விளையாட்டு. "சரி ஐயா, கலியாணம் முடிச்ச புதுசில நடந்த கதை ஒண்டு சொல்லுங்க. போன்ல பதியிறன்."

புதுப்பெண் அவர் கையிலிருந்து இறால் கூடையை வாங்க வந்து சேற்றில் வழுக்கியது, இறால் முழுக்கத் திரும்ப வாவிக்கே போனது, அவள் தோணியைக் கட்டிக்கொண்டு அழுதது, கரையே சிரித்தது. சொல்லச் சொல்ல அவர் போனை மறந்தார். நெஞ்சு தாழ்ந்ததும் தெரியவில்லை.

முப்லிஹா போனை அழுத்திப் பதிந்ததைப் போட்டாள். போர்வைக்குள் யாரோ முனகுவதுபோல் ஒரு சத்தம்.

"யார் புள்ள இது? பாவம், சரியா ஏலாத மனுசன் போல," என்றார் சீனித்தம்பி.

அவர் குனிந்து காதைக் கொடுத்தார். கூடை... சேறு... தோணி. என் பொஞ்சாதி சேற்றில் வழுக்கினது இவனுக்கு எப்படித் தெரியும்?

போனை நோக்கி நீட்டிய விரலைத் தன் நெஞ்சுக்கே திருப்பினார்.

"முதல்ல கோவமாக்கும் எண்டு நினைச்சன்," என்றாள் புஸ்பம், தரையைப் பார்த்தபடி. "வாய் மட்டும் அசையும். என்னெண்டு கேட்டா இன்னும் கோவிப்பீங்க எண்டு பேசாம இருந்தன்."

"உங்க காதுக்கு அது நல்ல சத்தமாத்தான் கேட்டிருக்கும் ஐயா," என்றாள் முப்லிஹா. "இந்த வருத்தம் அப்பிடித்தான் ஏமாத்தும். கத்துற மாதிரி உங்களுக்கு இருந்தாத்தான் அவங்களுக்குச் சாதாரணமாப் போய்ச் சேரும். பயிற்சி தாறன்."

"பொஞ்சாதியப் பார்த்துக் கத்துறதா? நான் ஒருநாளும் ஏசினதில்ல புள்ள!"

"ஏச வேணாம். கூப்பிடுங்க."

அன்று பின்னேரம், மருமகனின் தோணிக்காகப் புஸ்பம் கரையில் நின்றாள். சீனித்தம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். தன் காதுக்குத் தாராளமாகக் கேட்டது. அவள் அசையவில்லை.

மூச்சை இழுத்தார். கத்தினார். "புஸ்பம்!"

அவர் காதில் அது சண்டைக்காரனின் சத்தம். வெட்கத்தோடு பக்கத்து வளவைப் பார்த்தார். கொடியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தவள் திரும்பக்கூட இல்லை.

"வாறன்!"

ஈரப் பாவாடையோடு அவள் வந்து நின்றாள். "என்னத்துக்குக் கூப்பிட்டீங்க?"

"சும்மாதான்," என்றார் அவர், வேலியை விடாமல்.

புஸ்பம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கூடையை இடுப்பில் ஏற்றினாள்.

"நான் திரும்பவும் கரைக்குப் போறன். இன்னொருக்காக் கூப்பிடுங்க."