வெள்ளிக்கிழமை வெளியே போகாத டிஸ்க்

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் மூளை என்ற ஒன்று தனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது என்பதில் வேதசிரோமணிக்குப் பதினோரு வருடமாகச் சந்தேகமே வந்ததில்லை. பிளாஸ்டிக் மூடிகளையும் டப்பாக்களையும் வார்க்கும் இரும்பு அச்சுகளைச் செய்து கொடுக்கும் கம்பெனி அது. முப்பத்தெட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். தன்னைத் தவிர மற்ற முப்பத்தேழு பேரையும் சிஸ்டம் மேனேஜரான அவர் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தார். பாஸ்வேர்டை எழுதி மானிட்டரில் ஒட்டி வைப்பவர்கள் ஒரு வகை. அதையும் தப்பாக எழுதி ஒட்டுபவர்கள் இன்னொரு வகை. முதலாளி சத்யநாராயணன் இரண்டிலும் சேர்த்தி.

பக்கத்துத் தெருவில் ஒரு கம்பெனியில் வைரஸ் புகுந்து எல்லாக் கோப்புகளையும் தின்றுவிட்டது என்று கேள்விப்பட்டதும் முதலாளி வேதசிரோமணியைக் கூப்பிட்டு அனுப்பினார். பத்தொன்பது வருடமாக வரைந்து சேர்த்த டிராயிங்குகள் எல்லாம் ஒரே சர்வரில் இருந்தன. அவை போனால் கம்பெனியில் மிஞ்சுவது இரும்பும் ஆட்களும்தான். "பேக்கப் சர்வர் ஒண்ணு போட்டுடு, சிரோமணி" என்றார். இதையே மூன்று வருடமாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவர் வேதசிரோமணி. எவனோ ஒருவனுக்கு அடி விழுந்த பிறகுதான் இந்த ஜனங்களுக்கு உறைக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் மெனக்கெட்டார். பேக்கப் சர்வரில் நான்கு டிஸ்க்குகளைப் பூட்டி, அதில் ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் அதன் வேலையைச் சேர்த்துப் பார்க்கும்படி அமைத்தார். அது போதாது. ஒரே அறையில் இருக்கும் இரண்டு பெட்டிகளும் ஒரே நாளில் போகலாம். அதனால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியது ஒன்று, நீல ஸ்டிக்கர் ஒட்டியது ஒன்று என்று கழற்றி எடுக்கும் டிஸ்க் இரண்டு வாங்கினார். ஒன்று சர்வரில் சொருகியிருக்கும். மற்றது கம்பெனிக்கு வெளியே யார் வீட்டிலாவது இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டையும் மாற்ற வேண்டும். ஏழு மணிக்கு சர்வர் தானாக விழித்துக்கொண்டு, சொருகியிருக்கும் டிஸ்க் எதுவானாலும் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, எல்லா டிராயிங்கையும் ஒரே பொட்டலமாகக் கட்டிப் பூட்டுப் போட ஆரம்பிக்கும். முடிய முப்பது மணி நேரம் ஆகும். பாதியில் டிஸ்க்கைப் பிடுங்கினால் அந்தப் பொட்டலம் பிறகு திறக்கவே திறக்காது. பூட்டு எதற்கென்றால், எடுத்துப்போகிறவர் வீட்டுப் பிள்ளைகள் சினிமா பார்க்கிறேன் பேர்வழி என்று இதையும் டிவியில் சொருகிவிடுவார்கள் என்பதற்காக.

எல்லாரையும் மாடியறையில் கூட்டி வைத்து விளக்கினார். பாதி ஆங்கிலத்தில் சொன்னார். அவர்களுக்குப் புரியக்கூடாது என்றில்லை, புரியாது என்பதை அவர்களே உணரட்டும் என்று. கடைசியில் சிவப்பு டிஸ்க்கைத் தூக்கிக் காட்டினார்.

"உங்க கம்பெனியோட பத்தொன்பது வருஷச் சொத்து மொத்தமும் இதுக்குள்ள இருக்கு. இனிமே ஒரு டிராயிங் காணாமப் போனாலும், இந்த நாற்காலில நான் உக்கார மாட்டேன்."

அவர் எதிர்பார்த்தது கைதட்டல். முதலாளியோ இரண்டு கையாலும் டிஸ்க்கை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அலுவலகப் பொறுப்பைப் பார்க்கும் ஞானாம்பாள் கீழே ஓடிப்போய்ச் சந்தனமும் குங்குமமும் எடுத்து வந்துவிட்டார். இரண்டு டிஸ்க்குக்கும் பொட்டு வைத்தாயிற்று. தன் மூன்று வார உழைப்பு கல்லாப்பெட்டிக்கு ஆயுத பூஜை நடக்கிற கணக்கில் முடிந்ததைப் பார்த்து வேதசிரோமணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

டிஸ்க்கை யார் வீட்டுக்கு எடுத்துப்போவது என்று அடுத்த பேச்சு வந்தது. முதலாளி வீடு கம்பெனிக்குப் பின்புறமே. கிழக்குத் தாம்பரத்தில் இருக்கும் வேதசிரோமணி எடுத்துப் போகலாம்தான். ஆனால் டப்பா தூக்குவது அவர் வேலையில்லை என்று அவரே சொல்லிவிட்டார். ஞானாம்பாளுக்குத் திருநீர்மலையில் மாடி வீடு. "பூஜை ரூம்ல வெச்சிப் பாத்துக்கறேன், சார்" என்றார் அந்தம்மா.

கம்பெனியை விட்டு ஒரு ஆணி வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும். அச்சடித்த புத்தகம், அடியில் கார்பன் நகல். பொருள், தேதி, நேரம், கடைசியில் 'திரும்ப வரும்', 'திரும்ப வராது' என்று இரண்டு கட்டம். கம்ப்யூட்டர் சாமானுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் வேதசிரோமணி. வாராவாரம் ஞானாம்பாள் வந்து கையெழுத்துக்கு நிற்பதை நினைத்தாலே அவருக்கு எரிச்சலாக இருந்தது. ஐம்பது வெற்றுப் பாஸில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார்.

முதல் வாரம் வியாழக்கிழமை அந்தம்மா அவர் அறைக்கு வந்து நின்றார்.

"சார், இந்த டிஸ்க்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்துட்டுப் போகாம, வியாழக்கிழமையா மாத்திக்கலாமா?"

"ஏன்? கம்ப்யூட்டருக்கும் ராகுகாலமா?"

"ராகுகாலம் இல்ல சார், அது வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னண்டுக்கே முடிஞ்சிடும்." கிண்டல் என்பது அந்தம்மாவுக்கு உறைத்ததாகவே தெரியவில்லை. "நீங்கதான சொன்னீங்க, கம்பெனியோட சொத்து மொத்தம் இதுக்குள்ள இருக்குன்னு. வெள்ளிக்கிழமை வெளக்கு வெக்கற நேரத்துல சொத்த வெளிய அனுப்பலாமா? லட்சுமி வெளிய போற மாதிரி ஆயிடும். முதலாளியும் யோசிக்கறாரு."

"லட்சுமி நாலு டிபி டிஸ்க்குக்குள்ள உக்காந்திருக்காங்களா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது சார். உங்களுக்கு ஞாயித்துக்கிழமை எப்படியோ அப்படித்தான். கோயிலுக்குப் போற நேரத்துல யாரும் போன் பண்ணக் கூடாதுன்னுதான, ஞாயித்துக்கிழமை காலைக்குள்ள எல்லாம் முடியற மாதிரி வெச்சிருக்கீங்க?"

இதைச் சரியாகப் பிடித்துவிட்டார் அந்தம்மா. சர்ச்சில் ஆராதனை நேரத்தில் போன் அடித்தால் அவர் மனைவி ஞானஜோதி ஒரு வாரத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதை உத்தேசித்துத்தான் வெள்ளிக்கிழமையே வைத்தார். ஆனால் சரியான கேள்வியை ஞானாம்பாள் கேட்டதே அவருக்குப் பொறுக்கவில்லை.

"அது வேற, இது வேற."

"மாத்தறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும், சார்?"

வேதசிரோமணி காதில் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். அந்தம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். ஏழு மணிக்குச் சர்வர் என்ன செய்யும் என்பதை வேதசிரோமணி சொல்லவில்லை. மாடியறையில் சொன்னதும் ஆங்கிலத்தில் போயிற்று. இவர்களுக்கெல்லாம் எதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்பது அவர் கொள்கை.

ஞானாம்பாள் தானே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை டிஸ்க்கைத் தொடுவதில்லை. சனிக்கிழமை காலை வந்து சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, சொருகியிருப்பதைக் கழற்றி மஞ்சள் பையில் சுற்றி வைப்பார். வீட்டிலிருந்து கொண்டுவந்ததைச் சொருகுவார். ஒரு ராத்திரிதானே வித்தியாசம், இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று அந்தம்மா நினைத்தது நியாயம்தான். வேதசிரோமணிக்குச் சனிக்கிழமை விடுமுறை. திங்கட்கிழமை, "டிஸ்க்க மாத்திட்டேன் சார்" என்று அந்தம்மா சொல்லும்போது அவர் திரும்பிப் பார்க்காமல் தலையாட்டுவார். வேலை முடிந்ததா, நின்றுபோனதா என்று சர்வர் வாராவாரம் ஒரு மெயில் அனுப்பும். அதுவும் ஏதோ ஒரு ஃபோல்டரில் போய் விழும்படி வைத்திருந்தார். தான் செட் பண்ணியதைத் தானே சந்தேகப்படுவது அவருக்குக் கேவலமாகப் பட்டது.

இப்படிப் பத்தொன்பது வாரம் ஓடிற்று.

அக்டோபர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் காற்றும் மழையும் அடித்ததில் தெருமுனை மரத்தின் கிளை மின்கம்பியில் விழுந்தது. கரண்ட் போகவில்லை. விளக்குகள் எல்லாம் கண்ணைப் பறிக்கிற வெளிச்சத்தில் ஒரு கணம் எரிந்து பட்பட்டென்று வெடித்தன. சர்வர் அறையிலிருந்து ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. எலக்ட்ரீஷியன் டெனிஸ் மெயினை இறக்கிவிட்டு ஓடி வந்தார்.

"நியூட்ரல் அறுந்துச்சி சார். நானூறு வோல்ட் உள்ள பூந்துகினு கீது. யுபிஎஸ்ஸே வெந்து போச்சு, மத்ததெல்லாம் இன்னா சார் மிஞ்சும்."

ஒன்றும் மிஞ்சவில்லை. டிராயிங் சர்வர் செத்திருந்தது. பேக்கப் சர்வரும், அதன் நான்கு டிஸ்க்கும், அதில் சொருகியிருந்த நீல டிஸ்க்கும் செத்திருந்தன. டிசைன் பிரிவில் இருக்கும் மிருதுளாவுக்கு அழுகையே வந்துவிட்டது. முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேதசிரோமணிக்கோ உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இத்தனை பேருக்கு நடுவில் இப்படி ஒரு நாள் வரும் என்று யோசித்தவர் அவர் ஒருவர்தானே.

"எதுக்குப் பதர்றீங்க? சிவப்பு டிஸ்க் திருநீர்மலைல இருக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு எல்லா டிராயிங்கும் உங்க முன்னாடி இருக்கும். அதுக்குத்தான் என்னை மாதிரி ஒரு ஆளு வேணும்கறது." போகிற போக்கில் மிருதுளாவைப் பார்த்து, "நாற்காலியப் பத்தி நான் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?" என்றும் கேட்டு வைத்தார்.

மறுநாள் ஞானாம்பாள் மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே டிஸ்க்கோடு வாடிய மல்லிகை இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. வேதசிரோமணி எல்லாரும் பார்க்கும்படி டிஷ்யூ பேப்பர் எடுத்துக் குங்குமத்தைத் துடைத்தார். தன் சொந்த லேப்டாப்பில் டிஸ்க்கைச் சொருகிப் பாஸ்வேர்டை அடித்தார். முதலாளியும் மிருதுளாவும் அவர் தோளுக்குப் பின்னால் நின்றார்கள்.

பொட்டலம் முழுமையாக இல்லை, திறக்க முடியாது என்று திரை சொன்னது.

மறுபடி அடித்தார். அதையே சொன்னது. கேபிளை மாற்றினார். வேறு பக்கம் சொருகினார். டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. எழுத ஆரம்பித்த நேரம் வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி. நின்ற நேரம் சனிக்கிழமை காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம். அதற்குமேல் அதில் ஒரு எழுத்து இல்லை.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க இத?" என்று ஞானாம்பாள் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குத்தான எடுக்கச் சொன்னேன்? பாதில பிடுங்கியிருக்கீங்க. படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"சனிக்கிழமை காலைலதான் எடுப்பேன் சார். அதான் பாஸ்ல எழுதியிருக்கேனே."

அந்தம்மா கேட் பாஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து முதலாளி கையில் கொடுத்தார். முதலாளி நகல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். சிவப்பு டிஸ்க் ஒன்று, சனி, 9.05. நீல டிஸ்க் ஒன்று, சனி, 9.10. பத்தொன்பது பாஸ். பத்தொன்பதிலும் சனிக்கிழமை. எல்லாவற்றிலும் 'திரும்ப வரும்' கட்டத்தில் டிக். எல்லாவற்றுக்கும் கீழே வாலைச் சுழித்துப் போட்ட வேதசிரோமணியின் கையெழுத்து.

"நீ இத பாக்கவேயில்லையா, சிரோமணி?" என்று கேட்டார் முதலாளி. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதிலுக்குக் கத்தவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

"சார், அன்னைக்கி ஒண்ணு கேட்டேன்" என்றார் ஞானாம்பாள். அந்தம்மாவின் கண் கலங்கியிருந்தது. தன்னால்தான் போயிற்றோ என்ற பயம் அந்த முகத்தில் தெரிந்தது. "வியாழக்கிழமைக்கு மாத்தறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு. நீங்க சொல்லல. ரொம்பக் கஷ்டமான வேலையா இருக்கும்னு விட்டுட்டேன். எவ்வளவு நேரம் சார் ஆகியிருக்கும்?"

வேதசிரோமணிக்கு ஹெட்போனைத் தேட வேண்டும் போல இருந்தது. சர்வருக்குக் கிழமைகள் எல்லாம் வெறும் எண்கள்; ஞாயிறு பூஜ்யம், வெள்ளி ஐந்து, வியாழன் நாலு. ஒரு வரியில் ஒரு எண். ஐந்தை அழித்து நாலு என்று அடித்திருந்தால் போதும்.

"ஒரு நிமிஷம்" என்றார்.

பழைய பேப்பர் பிரிண்டுகள் ஏதாவது பரணில் கிடக்கிறதா பார்க்கிறேன் என்று மிருதுளா போனாள். முதலாளி நாற்காலியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர் படுகிற சிரமம்தான் வேதசிரோமணிக்குத் தாங்கவில்லை. எழுந்தார். லேப்டாப்பைப் பைக்குள் வைத்தார். நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு வெளியே நடந்தார்.

கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்த்தார்.

"லேப்டாப் கீதே. பாஸ் எங்க சார்?"

"யோவ், இது என் சொந்த லேப்டாப்."

"அப்படித்தான் சார் எல்லாரும் சொல்றாங்க. பாஸ் இல்லாம வுட வேணான்னு நீங்கதான எழுதி ஒட்டச் சொன்னீங்க."

சுவரில் ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தில், அவர் கையெழுத்தோடு. வேதசிரோமணி சேற்றை மிதித்துக்கொண்டு திரும்பவும் உள்ளே போனார். ஞானாம்பாள் மேஜையில் புத்தகம் இருந்தது. அவர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த முப்பத்தோரு வெற்றுப் பாஸ் இன்னும் அதில் மீதி இருந்தன.

அந்தம்மா ஒன்றும் கேட்காமல் கார்பனைச் சரிசெய்து வைத்து எழுத ஆரம்பித்தார். லேப்டாப் ஒன்று. புதன். கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து 11.20 என்று நேரத்தைப் போட்டார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"திரும்ப வருமா சார், வராதா?"

வேதசிரோமணி அந்த இரண்டு கட்டங்களையும் பார்த்தார்.

"வராது" என்றார்.