ஸ்டெல்லாவின் சமையல்

ஆரோக்கியசாமிக்கு ஐம்பத்து மூன்று வயதில் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதில் அவருக்கு வெட்கம் ஒன்றுமில்லை. வடக்கே கட்கியில், தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்ப்பவர்களில் மூன்று பேருக்கு அது இருந்தது. வெட்கம் வந்தது மறுவாரம், ஔந்த் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைச் செருப்பைக் கழற்றச் சொன்னபோது.

குதிகாலுக்கு மேலே தடித்திருந்த நரம்பை அழுத்திப் பார்த்துவிட்டு, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று டாக்டர் இந்தியில் கேட்டார். இருந்தது, தம்பி கிறிஸ்டோபருக்கு. ஷூ கடிக்கிறது என்று கல்யாணத்துக்குக்கூட செருப்போடு வந்தவன். ஆறு வருடத்துக்கு முன்னால், நாற்பத்தோரு வயதில், பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே விழுந்து செத்தான். அப்பா போனதும் நாற்பத்தாறில்தான்.

இது பரம்பரைக் கொழுப்பு, சாப்பாட்டால் வந்ததல்ல என்றார் டாக்டர். பிறக்கும்போதே கூட வருவது. கவனிக்காமல் விட்டால் ஆண்களில் பாதிப் பேருக்கு ஐம்பதுக்குள் நெஞ்சைப் பிடிக்கும். சிகரெட் இருந்தால் இன்னும் சீக்கிரம். சிறு வயதிலேயே மாத்திரை ஆரம்பித்தால் மற்றவர்களைப் போல நீண்ட நாள் வாழலாம். தம்பிக்குப் பிள்ளைகள் உண்டா? இருந்தால் உடனே ரத்தம் பார்க்க வேண்டும். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது.

ஒரு பெண் இருக்கிறாள், தீபா. பதினேழு வயது.

தம்பிக்கு முதல் சிகரெட்டைப் பற்ற வைத்துக் கொடுத்தவர் ஆரோக்கியசாமிதான். அதை விடுங்கள். கல்லறையில் மண் போட்ட கையோடு, பங்குச் சாமியார் உட்பட அத்தனை பேர் முன்னாலும் அவர் பேசிய பேச்சு இருக்கிறதே, "நெய்யும் மட்டனுமா ஊட்டி ஊட்டியே எந்தம்பிய கொன்னுட்டா இவ." நரம்பில்லாத நாக்கு, அன்றைக்கு அதை யாரும் பிடித்து நிறுத்தவில்லை. தம்பி மனைவி ஸ்டெல்லா ஒரு வார்த்தை பேசவில்லை. அதையே அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்.

போனில் சொல்லிவிடலாமா என்று மனைவி பவுனிடம் கேட்டார்.

"திட்டுனது நேர்ல. இது மட்டும் போன்லயா?" என்றாள் பவுன்.

சாங்வியில் இருந்த தம்பி வீட்டுக்குப் போனார். ஸ்டெல்லா கதவைத் திறந்து, தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னார், தன் பேச்சை மட்டும் விட்டுவிட்டு. தீபாவுக்கு நாளைக்கே ரத்தம் பார்க்கணும், நானே கூட்டிட்டுப் போறேன் என்று முடித்தார்.

ஸ்டெல்லா டம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப என் சமையலால இல்லியா மாமா?"

"இல்லம்மா. நான் சொன்னது தப்பு. பெரிய தப்பு."

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவப் போவுது? அவகிட்ட சொல்லுங்க," என்று உள் அறைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்.

தீபா வந்து நின்றாள். முகம் அப்படியே கிறிஸ்டோபர். ஆரோக்கியசாமி மறுபடியும் ரத்தப் பரிசோதனையில்தான் ஆரம்பித்தார். கோழை வேறெங்கே ஆரம்பிப்பான்?

"மொதல்ல அது இல்ல மாமா," என்றாள் ஸ்டெல்லா.

அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "உங்கப்பா செத்தது உங்கம்மா சமைச்சதால இல்ல கண்ணு. அது எங்க ரத்தத்துல இருக்குது. அன்னிக்கு நான் பேசுனது அத்தனையும் பொய்."

தீபா அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தட்டித் தடவித்தான் வரும்.

"நான் அப்ப பக்கத்துலதான் நின்னேன் பெரியப்பா," என்றாள். "அந்த தின்... அந்த நாள்லேந்து அம்மா செஞ்சது நான் சாப்பிடல. ஆறு வருஷம். டெய்லி கேப்பாங்க. டெய்லி நான் வேணாம் சொல்வேன்."